என் பக்கம் சாய்ந்த வடக்கு

எனக்குத் திசை தெரியாது என்பது எங்கள் குடும்பத்தின் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம், சிரிக்கலாம். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, பிளவுஸ் தைக்கிற கடை வைத்தது எல்லாம் இதே திருத்தணிதான். ஆனாலும் ஸ்டேஷனில் இறங்கினால், ஊருக்குள் போக எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு நொடி நின்று யோசிப்பேன். மலையும் கோயிலும் கண்ணெதிரே நின்றுகொண்டுதான் இருக்கும். ஒரு முறை சென்னைக்குப் போக வேண்டியவள் ரேணிகுண்டா வண்டியில் ஏறிவிட்டேன். பெட்டி முழுக்கத் தெலுங்குப் பேச்சு. இன்றைக்கு என்ன முகூர்த்தமோ, கூட்டமாகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆந்திராவில் நகரி வரைக்கும் போய் இறங்கினேன்.

இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னவர் என் கணவர். அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்டுப் பழகி, கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அதுவே நின்றுவிட்டது. திருவாலங்காடு பக்கம் எங்களுக்கு நெல்லும் கரும்பும் போடுகிற நிலம் இருக்கிறது. காலையில் வண்டியில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். காற்று எங்கிருந்து வருகிறது, மேகம் எங்கே போகிறது என்று முகத்தைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவருக்கு நான் வாய்த்தது அவர் செய்த புண்ணியம். பொழுது போக வேறு எதுவும் தேவைப்படவில்லை.

நாங்கள் ஐந்து பெண்கள், காலையில் மலையடிவாரச் சாலையில் சேர்ந்து நடக்கிறவர்கள். சர்க்கரை குறையட்டும் என்று டாக்டர் சொல்லித் தொடங்கினோம். சர்க்கரை குறைந்ததோ இல்லையோ, பேச்சு வளர்ந்துவிட்டது. என்னைவிடக் கொஞ்சம் சின்னவர்கள் மூன்று பேர், எல்லோரும் என் கடைக்கு வாடிக்கை. ஐந்தாவது ஆள் எங்களைவிட மூத்த அக்கா, ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவர் கணவர் தவறிப் பல வருஷமாகிறது. எங்களில் வேகமாக நடப்பவரும் சத்தமாகச் சிரிப்பவரும் அவர்தான்.

போன வருஷம் மாசியில் அக்காதான் எங்களைக் கிளப்பிவிட்டார். ஆர்.கே.பேட்டை தாண்டி, டவுன் பஸ் திரும்புகிற கடைசி ஊருக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. ரொம்ப உயரமில்லை. இந்தப் பக்கம் ஏறி, உச்சியில் சமமாகக் கிடக்கிற புதர்க்காட்டைக் கடந்து வடக்கே இறங்கினால் ஆந்திரா. அந்தப் பக்க அடிவாரத்தில் ஒரு சுனை, ஒரு அம்மன் கோயில், ஒரு பஸ் ஸ்டாப். சுனையில் கால் நனைத்து, அம்மனைப் பார்த்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். ஏறுவதும் இறங்குவதும் சுலபம். சிக்கலெல்லாம் உச்சியில்தான். அங்கே ஆடுகள் போட்ட தடங்கள் கன்னாபின்னாவென்று பிரியும். எல்லாமே வழி மாதிரி தெரியும்.

அந்த முறை நான்தான் முன்னால் போனேன். எனக்கிருந்த கெட்ட பெயரை மாற்றிக்காட்ட வேண்டும் என்று எனக்கே ஒரு வீம்பு. செல்போன் வழிகாட்டும் என்று நம்பியிருந்தேன். உச்சிக்குப் போனதும் சிக்னல் செத்துவிட்டது. வெயில் ஏறும் வரை நடந்து, கீழே வீடுகள் தெரிந்ததும் ஐந்து பேரும் குதித்துக்கொண்டு இறங்கினோம். பார்த்தால் காலையில் ஏறின அதே ஊர். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்த அம்மா கடை வாசலில் நின்றுகொண்டு, "இன்னாமா, அதுக்குள்ள ஆந்திரா பாத்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டேதான் வீடு வந்தோம். ஆனால் எனக்குள் அது முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. இந்த வருஷம் தை பிறந்ததும் மறுபடி அந்த மலைப் பேச்சு வந்தது. மூவரில் ஒருத்தி ரொம்பப் பக்குவமாக, "இந்த வாட்டி உங்க வீட்டுக்காரர கூட்டினு போலாம்கா. அவரு முன்னாடி போவட்டும், நாம பேசிகினு பின்னாடி போலாம்," என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. நல்ல காம்பஸ் ஒன்று வாங்கி, பார்க்கப் பழகிக்கொண்டு, நானே முன்னால் போகிறேன் என்றேன். மைதானத்தில் ஒரு நாள் நடந்து காட்டுகிறேன், சரியாக வரவில்லை என்றால் பாவா முன்னால் போகட்டும் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் நகரிக்குப் போகப்போகிறேன்.

நல்ல துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவேன். நல்ல கத்தரிக்கோலைக் காதால் கேட்டே கண்டுபிடிப்பேன். நல்ல காம்பஸ் எப்படியிருக்கும் என்று எனக்கு யார் சொல்வது? முதலில் போனிலேயே இருக்கிறதே என்று திறந்தேன். அது என்னை எட்டுப் போடச் சொன்னது. லைசென்ஸுக்குக்கூட நான் போடாத எட்டு. கையைச் சுழற்றிச் சுழற்றிப் போட்டேன். ஒரே இடத்தில் நின்றாலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வடக்கு. சார்ஜ் இறங்கினால் அந்த வடக்கும் கிடையாது. போனை மூடி வைத்தேன்.

பஜாரில் புத்தகக் கடையில் காம்பஸ் கேட்டால் வட்டம் போடுவதை எடுத்துக் கொடுத்தார். பூஜை சாமான் கடையில் வாஸ்து பார்க்கிற பித்தளைக் காம்பஸ் இருந்தது, பார்க்க அழகாக, குங்குமச் சிமிழ் அளவில். உள்ளே முள் மட்டும் சாமி வந்த மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. நிற்காதா என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள வெச்சா நிக்கும்மா. நடந்துகினே பாக்கறதுக்கு இது ஆவாது," என்றார் கடைக்காரர், நேர்மையாக. அப்புறம் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். அதிலேயே விசில், தெர்மாமீட்டர், முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் இருந்தன. பத்து வேலை தெரியும் என்கிற ஆளை நான் கடையில் சேர்ப்பதில்லை. அவருக்குப் பட்டன் கட்டக்கூட ஒழுங்காக வராது. அந்தக் காம்பஸும் அப்படித்தான். உள்ளே ஊற்றிய எண்ணெயில் பெரிய காற்றுக்குமிழி ஒன்று, முள் அதில் இடித்துக்கொண்டு நின்றது. திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் சென்னைக்கே போனேன், சரியான ரயிலில். மலையேறுகிறவர்களுக்குப் பை, கயிறு, செருப்பு விற்கிற கடை ஒன்று. கடைக்காரர் பொறுமைசாலி. காம்பஸ்களைக் கண்ணாடி மேஜையில் வரிசையாக வைத்து, எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். முள் சீக்கிரம் அடங்க வேண்டும். தட்டிவிட்டால் திரும்பப் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற திரவத்தில் குமிழி கூடாது. வளையம் திருப்பினால் இறுக்கமாகத் திரும்ப வேண்டும், தானாக வழுக்கக் கூடாது. எண்கள் கண்ணாடி போடாமலே தெரிய வேண்டும். அடியில் நீளமான பிளாஸ்டிக் தகடு இருந்தால் அதன் விளிம்பை நாம் போகிற திசைக்கு நேராகப் பிடித்துக்கொள்ளலாம். இதெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. துணி மாதிரிதான், எதற்கும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது.

எல்லாவற்றையும் பக்கத்தில் பார்க்கலாம் என்று குனிந்தேன். வரிசையாக எல்லா முள்ளும் அசைந்து என் பக்கம் திரும்பின. கடைக்காரருக்கே வியப்பு. "மேஜைக்கு அடியில இரும்பு ஃபிரேம் இருக்குது மேடம், அதான்," என்றார். இரும்பு, போன், கார், கரண்டு கம்பி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அப்போதுதான் சொன்னார். நான் மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். தட்டித் தட்டிப் பார்த்து, எது சீக்கிரம் அடங்கி நிற்கிறதோ அதைப் பொறுக்கினேன். கழுத்தில் மாட்ட ஒரு சிவப்புக் கயிறும் அதில் இருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் அதை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மேஜையில் வைத்தேன். அருமையாக வடக்கைக் காட்டியது. சூரியன் உதிக்கிற பக்கத்தோடு ஒத்துப்பார்த்தேன், சரி. கையில் எடுத்து, கடைக்காரர் சொன்ன மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். முள் மெதுவாக நகர்ந்து என்னைப் பார்த்து நின்றது. கிழக்கே திரும்பினால் வடக்கு என் பக்கம் சாய்ந்தது. மேற்கே திரும்பினாலும் அப்படியே. வடக்கே திரும்பி நின்றால் முள் குழம்பி, வடக்கு என் முதுகுக்குப் பின்னால் என்று காட்டியது.

இரும்பு என்று கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. கையிலிருந்த வாட்சைக் கழற்றினேன். போனை அடுத்த அறையில் வைத்தேன். சாவிக்கொத்து, கத்தரிக்கோல், ஊசி டப்பா, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், கொண்டையில் இருந்த ஹேர்பின் எல்லாவற்றையும் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன். தையல் மெஷின் எதற்கு வம்பு என்று மொட்டைமாடிக்கே போய் நின்றேன். அங்கேயும் வடக்கு என்னைத்தான் பார்த்தது. அப்போது பாவா வந்து கையில் வாங்கினார். முள் ஒரு ஆட்டம் ஆடி, வடக்கே நகரி இருக்கிற பக்கம் பார்த்து ஒழுங்காக நின்றது. அவர் சுற்றிச் சுற்றி வந்தார், அது அசையவில்லை.

"காம்பஸ் நல்லாதான் கீது. ஆளுதான் சரியில்ல," என்றார். பிறகு அவருக்கு இன்னொன்று தோன்றியது. "வடக்கே உன்ன பாத்து வந்துகினு கீது. நீ எதுக்கு நடக்கணும், உக்காரு, அது வந்துரும்."

நான் கீழே இறங்கிப் போய்விட்டேன். வேறொரு நாளாக இருந்தால் அவரைவிட அதிகமாக நான்தான் சிரித்திருப்பேன். மனிதர்கள் சொன்னால் பரவாயில்லை, கேலி என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு முள்ளும் கொஞ்சம் எண்ணெயும் கூட எனக்குத் திசை தெரியாது என்று சொன்னால் என்ன செய்வது?

மைதானத்தில் நடந்து காட்டிய கதையைச் சொல்லாமலே விடலாம். கோல் போஸ்ட்டுக்குப் போக வேண்டியவள் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "விடுக்கா, சுனைல கால வெச்சா போதும், யாரு முன்னாடி போனா இன்னா?" என்று சமாதானம் சொன்னார்கள். சரியென்று காம்பஸைப் பாவாவிடம் கொடுத்தேன். சிவப்புக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் ராணுவத்துக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்தார்.

மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகுமுன் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். அதே டீக்கடை. அந்த அம்மா எங்களை மறக்கவில்லை. "மத்தியானத்துக்கும் டீ போட்டு வெக்கட்டா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏற ஏற மனசு லேசாகிக்கொண்டுதான் வந்தது. அந்த நேரத்துக் காற்றுக்கு அப்படியொரு குணம். அக்கா முன்னால் எட்டு வைத்து ஏறிக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் முட்டை வேகும் முன்பே தட்டோடு வந்து நிற்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். சுகமாக இருந்தது. ஆனாலும் பாவாவின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடம் என்னுடையது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

உச்சிக்குப் போனதும் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம். புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்தோம். பாவா காம்பஸைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு, "தோ வரேன்," என்று புதர்ப் பக்கம் ஒதுங்கினார். அக்கா அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஆங், இது சரியாதான காட்டுது. சூரியன் தோ கீது, அப்போ வடக்கு இப்படிதானே?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அக்கா திரும்பினார், முள் திரும்பவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "பாருங்க, உங்களுக்குக்கூட வருது. எனக்கு மட்டும்தான் வரல," என்றேன். மூவரில் ஒருத்தி, "கொடுங்க, நானும் பாக்கறேன்," என்று வாங்கினாள். முள் அவள் பக்கம் சாய்ந்தது. அடுத்தவள் வாங்கினாள். அவள் பக்கமும் சாய்ந்தது. மூன்றாமவள் கையிலும் அதே கதை. திரும்ப அக்கா கைக்குப் போனதும் முள் ஒன்றுமே நடக்காத மாதிரி வடக்கைப் பார்த்து நின்றது.

நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும்: கெட்டது நான் மட்டுமில்லை. அக்கா காம்பஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எனக்கும் உங்களுக்கும் இன்னாடி வித்தியாசம்?" என்று கேட்டார்.

என்ன வித்தியாசம் என்று நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ஒருத்தி புளிசாதத்தைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். அக்காதான் தன் கழுத்தில் இருந்த மெல்லிய சங்கிலியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

"வாய தொறந்து சொல்லுங்கடி, நான் ஒண்ணும் அழமாட்டேன். உங்க கழுத்துல கீறது என் கழுத்துல இல்ல. அதுல இன்னா மாட்டி வெச்சிருக்கீங்க, எடுத்துப் பாருங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்கள் தாலிச் சரட்டில் நாலைந்து பின்னூசி கோத்து வைத்திருப்போம். முந்தானைக்கு, அறுந்த கொக்கிக்கு, காலில் தைத்த முள்ளுக்கு, எதற்கு வேண்டுமானாலும் உதவும். கழுத்தில் ஏறி நாளாகிவிட்டால் அது இருப்பதே மறந்துபோகும். நான் தையல்காரி. என் சரட்டில் தொங்கியது நாலைந்து இல்லை, ஒரு கொத்து. இரும்பு என்று சொன்னதும் வாட்சைக் கழற்றினேன், ஹேர்பின்னைக் கழற்றினேன். இதைத் தொடவே இல்லை. தாலி தங்கம்தானே என்று மனசு தாண்டிப் போயிருக்கிறது. கழற்றுகிற பொருளில்லை என்றே கை பழகியிருக்கிறது.

சரட்டை வெளியே எடுத்துக் காம்பஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முள் பதறிப்போய்ச் சுற்றியது. தள்ளினேன், அடங்கியது. பக்கத்தில் கொண்டுபோனேன், சுற்றியது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கடையில் தரையில் சிந்துகிற ஊசிகளையும் பின்னூசிகளையும் நான் பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த பெரிய காந்தத்தை வைத்துத்தான் அள்ளுவேன். அள்ளியதைக் காந்தத்தோடேயே விட்டு வைத்திருப்பேன், தேவைப்படும்போது பிய்த்துக்கொள்ளலாம் என்று. அதில் ஒட்டிக் கிடந்து கிடந்து எல்லாப் பின்னூசியும் குட்டிக் காந்தமாகியிருக்கிறது. பிளவுஸ் வாங்க வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று இலவசமாகக் கொடுப்பதும் அதிலிருந்துதான். இந்த மூவர் கழுத்தில் தொங்கியதும் என் கைங்கர்யமே. திருத்தணியில் பாதிப் பெண்களுக்கு வடக்கு எங்கே என்று தெரியாமல் செய்திருக்கிறேன்.

அதைச் சொன்னதும் சிரிப்பு கிளம்பியது பாருங்கள், பாறையில் கையூன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னமோ ஏதோ என்று பாவா ஓடி வந்தார். நாங்கள் நான்கு பேரும் குனிந்துகொண்டு சரட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தோம். துப்பட்டாவில் குத்தியதையும் எடுத்துவிட்டு இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் பாவாவின் கைக்குட்டையில் கொட்டி, முடிச்சுப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன்.

"இன்னாது இது?"

"வடக்கு," என்றேன். "இத்தினி நாளா என் கழுத்துல கட்டினு இருந்தேன்."

அவருக்குப் புரிய வைத்தது அக்கா. பாவா கேட்டு முடித்து, கைக்குட்டையைக் காம்பஸிடம் கொண்டுவந்து பார்த்தார், தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காம்பஸை வாங்கி நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். முள் ஒரு பக்கம் போய், மறுபக்கம் வந்து, வடக்கில் நின்றது. நான் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். அது என்னோடு வரவில்லை.

"பாவா, உங்க கைல கீறது முழுக்க காந்தம். எங்ககிட்ட வராதீங்க. பின்னாடி வாங்க, நல்லா தள்ளி," என்றேன். காடு மேடெல்லாம் தனக்கு அத்துப்படி என்று இருந்த மனிதர் மறுபேச்சு இல்லாமல் நின்றுவிட்டார். நாங்கள் நடக்கத் தொடங்கி நல்ல தூரம் போன பிறகே அவர் காலடிச் சத்தம் கேட்டது.

கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி, முள் காட்டுகிற நேரில் கொஞ்ச தூரத்தில் ஒரு அடையாளம் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒரு வெள்ளைப் பாறை. அங்கே போய் நின்று மறுபடி பார்த்தேன். அடுத்து ஒரு மொட்டை மரம். அதற்கடுத்துக் கறையான் புற்று. இப்படிப் பிடித்துப் பிடித்துப் போனால் நடுவில் கண் அங்கே இங்கே போனாலும் கால் தப்பாது. கொஞ்ச நேரத்தில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் காட்ட, அடையாளத்தை யார் முதலில் தொடுவது என்று மூவரும் போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். நல்ல அகலமான தடம் ஒன்று இடப்பக்கமாக, நிழலோடு, இறக்கமாகப் போனது. முள்ளோ எதிரே அடர்த்தியாக நின்ற முட்புதரைக் காட்டியது. பின்னாலிருந்து பாவா கத்தினார்: "தடம் அந்த பக்கம் போவுது பாரு. எல்லாரும் போற வழி அது." அவர் குரலைக் கேட்டதும் என் கால் தானாக இடப்பக்கம் திரும்பியது. எத்தனை வருஷப் பழக்கம். பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன வருஷமும் இப்படி ஒரு நிழலான தடத்தில்தான் போனோம் என்று நினைக்கிறேன். காம்பஸைத் தட்டினேன். முள் ஆடிவிட்டு அதே இடத்துக்கு வந்தது. இன்னொரு முறை தட்டினேன், அதே இடம்.

"இப்படிதான்," என்றேன். சத்தமாகச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. புதருக்கு அப்பால் தெரிந்த ஒரு பாறையை அடையாளம் வைத்து, புதரைச் சுற்றிக்கொண்டு போனேன். அக்கா முதல் ஆளாக என் பின்னால் வந்தார். முள் கிழித்த துணியோடு மற்றவர்களும் வந்தார்கள். பாறையில் ஏறி நின்றேன். எனக்குக் கீழே மலை சரிந்து இறங்கியது. அடிவாரத்தில் பச்சை வயல், சின்னதாக ஒரு கோபுரம், பக்கத்தில் கண்ணாடித் துண்டு மாதிரி சுனை. தண்ணீர் டேங்க் ஒன்றில் எழுதியிருந்தது தெலுங்கு. போன்களுக்கு உயிர் வந்து, ஒவ்வொருவர் பையிலும் ஆந்திராவின் வரவேற்புச் செய்தி சத்தம் போட்டது. நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை. அன்று பயம் பாதி கலந்திருந்தது.

சுனையில் கால் வைத்தோம், ஜில்லென்று இருந்தது. அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினோம். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரப் பெரியவர் எங்கள் கிழிந்த துணியையும் செம்மண் கால்களையும் பார்த்துவிட்டுத் தெலுங்கில் விசாரித்தார். மலை மேலாகவே வந்தீர்களா, மேலே வழி தெரியாமல் எத்தனையோ பேர் திரும்பிப் போவார்களே, யார் கூட்டி வந்தது என்று கேட்டார். கேட்டது பாவாவைப் பார்த்து. கூட்டத்தில் ஆம்பளை அவர் ஒருவர்தானே. கைக்குட்டை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்த அவர் எப்படியும் ஒரு கேலியோடுதான் தொடங்குவார் என்று நான் காத்திருந்தேன்.

"மா ஆவிட தீஸுகொச்சிந்தி," என்றார் பாவா. என் பொண்டாட்டி கூட்டி வந்தாள் என்று அர்த்தம்.

அவ்வளவுதான் சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பெரியவர் எங்கள் ஐந்து பேரில் அது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் கையைத் தூக்கினேன்.